விட்ட இடம் எது?

என் மாமியாருக்குத் தினம் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை. நான்தான் எடுத்துக் கொடுப்பது வழக்கம். போன மாதம் ஒரு நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடப் போனேன்; வாசலில் கேஸ்காரர் குரல். அவருக்குப் பணம் கொடுத்து அனுப்புவதற்குள் போன் மணி. பேசி முடித்துத் திரும்பினால் டப்பா திறந்தபடி இருக்கிறது. 'அடடா, மாத்திரை கொடுக்கவில்லையே' என்று இன்னொன்றை நீட்டினேன். பாவம், என் மேல் இருந்த நம்பிக்கையில் அவரும் விழுங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில், "தலையைச் சுத்துதும்மா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போய் அட்டையைப் பார்த்தேன். நேற்று எட்டு இருந்தது, இப்போது ஆறுதான்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி படுக்க வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவர் எழுந்து காபி கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"எல்லாம் இந்த இன்டரப்ஷனால் வந்த வினை" என்று புலம்பினேன். கம்ப்யூட்டர் படிக்கும் என் பெண் சிரித்தாள். "அம்மா, எங்க பாடத்துல இன்டரப்ட்னா அது தப்பே இல்லை. அது இல்லாம கம்ப்யூட்டரே ஓடாது" என்றாள்.

எனக்கு ஆச்சரியம். நாம் படித்த இங்கிலீஷில் அது ஒரு குற்றம் மாதிரிதானே? லத்தீனில் 'நடுவே முறிப்பது' என்ற பொருளில் பிறந்த வார்த்தையாம். வகுப்பில் குறுக்கே பேசினால் டீச்சர், "டோன்ட் இன்டரப்ட்" என்று அதட்டுவார். பேச்சின் நடுவே வருகிறவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறப்பார். அந்த நாளில் தூர்தர்ஷன்கூட, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுதிப் போட்டதே!

கம்ப்யூட்டரில் வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வாசலில் யாராவது வந்திருக்கிறார்களா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் சமையல் ஆகுமா? அதற்குத்தானே காலிங் பெல்! அதே மாதிரி, நாம் கீ போர்டில் ஓர் எழுத்தைத் தட்டினால் உள்ளே ஒரு மணி அடிக்கிறது. அதுதான் இன்டரப்ட். செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் அதைக் கவனிக்கிறது.

ஆனால் போகுமுன் ஒரு காரியம் செய்கிறது. எந்த வரியில் நின்றோம், கையில் என்ன கணக்கு இருந்தது என்று குறித்து வைத்துவிட்டுத்தான் போகிறது. நடுவில் இன்னொரு மணி அடித்தால் அந்தக் குறிப்பின் மேல் இன்னொரு குறிப்பு, தட்டின் மேல் தட்டு அடுக்குவது போல. திரும்பும்போது மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, விட்ட இடத்திலேயே தொடங்குகிறது.

சுருக்கென்றது எனக்கு. கேஸ்காரர் மேல் தப்பில்லை, போன் மேலும் தப்பில்லை. விட்ட இடத்தைக் குறிக்காமல் எழுந்து போனேனே, அதுதான் தப்பு!

முக்கியமான வேலையின்போது சில மணிகளைக் கொஞ்ச நேரம் காதில் வாங்காமல் இருக்கவும் கம்ப்யூட்டருக்குத் தெரியும். தள்ளவே முடியாத மணிகளும் உண்டு. 'என் சட்டை எங்கே?' என்பது காத்திருக்கலாம். கேஸ் நாற்றம் காத்திருக்குமா? 1969 ஜூலை 20-ஆம் தேதி அப்போலோ 11 சந்திரனில் இறங்கும்போது, அதன் கம்ப்யூட்டருக்கு வேலை தாங்கவில்லை. அப்போதைக்கு வேண்டாத ரேடார் தகவல்கள் வந்து அதன் நேரத்தைத் தின்றன. 1202 என்று அபாய அறிவிப்பு காட்டிற்று. ஆனால் அது முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் விடாமல் செய்தது. இருவரும் பத்திரமாக இறங்கினார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று ஏற்பாடு. ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் போட்டு வைக்கிறேன். அன்றைய அறை காலி என்றால், கொடுத்தாயிற்று. கொடுத்த கையோடு காலண்டரிலும் ஒரு டிக். மூன்றாவது, மாத்திரை எடுக்கும் அந்த ஐந்து நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. சில வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் நர்ஸ்கள், 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய மேலங்கி போட்டுக்கொள்கிறார்களாம். நான் சொல்வது மட்டும் அதிகமா என்ன?

கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இன்னொன்றை நீட்டாதீர்கள்; டாக்டரைக் கேளுங்கள்.

நம் நாள் முழுக்கக் குறுக்கீடுதான். அதை யாராலும் மாற்ற முடியாது. அடுப்பை விட்டு நகர்ந்தால் தீயைக் குறைத்துவிட்டு நகருவோம். மாத்திரையை விட்டு நகர்ந்தால் குறித்துவிட்டு நகருவோம். நேற்று டிக் போட நான் மறந்தபோது, "காலண்டர்ல போட்டியா?" என்று மாமியாரே குறுக்கிட்டார். அந்த இன்டரப்ஷனுக்கு நான் நன்றிதான் சொன்னேன்!