கார்னிவல் உடையைப் பிள்ளையே செய்யட்டும்

கரிபியன் கார்னிவல் என்றதும் நம்மவர்களில் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். "அரைகுறை உடையில் தெருவிலே ஆடுகிற கூத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதா?" என்ற கேள்வியை லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நண்பர்களிடமிருந்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இக்கேள்வியில் பாதி அறியாமை, பாதி அகந்தை.

திரினிடாட்டுக்குக் கார்னிவலைக் கொண்டுவந்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள். அவர்களுடைய முகமூடி விருந்துகளில் அடிமைகளுக்கு இடமிருக்கவில்லை. 1838இல் முழு விடுதலை பெற்ற அம்மக்கள் தெருவைத் தமதாக்கிக்கொண்டார்கள். கரும்புத் தோட்டம் தீப்பற்றினால் நள்ளிரவிலும் விரட்டப்பட்டு வேலை வாங்கப்பட்ட கொடுமையை, தீப்பந்தம் ஏந்திய 'கன்புலே' ஊர்வலமாக நடித்துக் காட்டினார்கள். 1881இல் பொலிஸார் அதனை அடக்க முனைந்தபோது போர்ட் ஒஃப் ஸ்பெயின் வீதிகளில் மோதல் வெடித்தது. பின்னர் மேளத்துக்குத் தடை வந்தது, மூங்கிலைத் தட்டினார்கள். அந்தத் தேடலின் முடிவில், எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து ஸ்டீல் பான் என்னும் இசைக்கருவி பிறந்தது.

1884இல் அதே தீவில், சான் பெர்னாண்டோ நகரில், இந்திய ஒப்பந்தக் கூலிகளின் ஹொசே ஊர்வலத்தின் மீதும் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, பலர் மாண்டனர். கல்கத்தாவிலிருந்து மட்டுமன்றிச் சென்னையிலிருந்தும் அத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் உண்டு. மலையகத்தின் கதையை அறிந்த நாம், தெருவில் ஆடும் உரிமைக்காகச் செத்தவர்களைப் பார்த்து முகம் சுளிக்கலாமா?

ஆயினும் கார்னிவலின் சொந்தக்காரர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

கார்னிவல் வேடத்தை அங்கே 'மாஸ்' என்பார்கள். கம்பியை வளைத்து, காகிதக் கூழை ஒட்டி, துணியைத் தைத்து, வாரக்கணக்கில் 'மாஸ் முகாம்'களில் அது உருவாகும். 1974இல் பீற்றர் மின்ஷல் என்னும் கலைஞர் தம் தத்துத் தங்கையான சிறுமிக்கு ஒரு தேன்சிட்டு உடை செய்தார். 12 பேர் 5 வாரம் உழைத்தனர். 104 இறகுகள், ஒவ்வோர் இறகிலும் 150 துணித்துண்டுகள். அச்சிறுமி இறகை விரித்தபோது தீவே வியந்தது. அந்த மின்ஷல்தான் பின்னர் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் பணியாற்றினார். ஒரு பிள்ளையின் உடைக்குக் கொடுத்த உழைப்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது, பாருங்கள்!

இன்றோ மணியும் இறகும் கோத்த உடைகள் பெருமளவில் சீனாவிலிருந்து வந்திறங்குகின்றன. பெற்றார் பணம் கட்டுகிறார்கள். பிள்ளை பெட்டியைத் திறந்து அணிந்துகொள்கிறது. தான் யாராக வேடமிட்டிருக்கிறோம் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. 'நள்ளிரவுக் கொள்ளையன்' வேடமிடும் பிள்ளை அப்படி நிற்க முடியாது. பெரிய தொப்பியும் போர்வையும் போதாது. வீறாப்பான வசனத்தை மனனம் செய்து, எதிர்ப்படுபவரை மறித்துப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சைக் கடையில் வாங்க இயலாது.

"வேலைக்குப் போகும் பெற்றாருக்கு நேரமேது?" என்பார்கள். கொக்கொரீட் என்ற வசதியற்ற பகுதியில் 1986இல் தொடங்கப்பட்ட ஒரு கலைப் பள்ளி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. போதைப்பொருளும் வன்முறையும் சூழ்ந்த இடத்தில், சின்னஞ்சிறுவர்களுக்கு உயர்ந்த பொய்க்கால்களில் நடக்கக் கற்பித்து 'மோக்கோ ஜம்பி' ஆட்டத்துக்கு உயிரூட்டினார்கள். அங்கே பணமா பெருகிக் கிடந்தது? விழுந்து எழும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பெரியவர் இருந்தார், அவ்வளவே.

நம்மவர்களுக்கும் இது பொருந்தும். மண்டபம் பிடித்து, உடையும் நகையும் வருவித்து அரங்கேற்றம் நடத்துகிறோம். தான் ஆடிய பதத்தின் பொருளைக் கேட்டால் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. கார்னிவலைப் பழிப்பதற்கு முன் நாம் இதைத் திருத்திக்கொள்ள வேண்டாமா?

விழா ஒருநாளில் முடிந்துவிடும். அதற்கு முந்திய வாரங்களில்தான் பிள்ளை தன் பாட்டன் யாரென்று அறிகிறது. அவ்வாரங்களைப் பணம் கொடுத்துக் கழித்துவிடுகிற பெற்றார், எந்த இனத்தவராயினும், பிள்ளையின் முதுசத்தை விற்கிறார்கள் என்றே சொல்வேன்.