சூடுதான் என்றார் அம்மா

இந்த வாரம் இதை எழுதுவதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் முதலில் பத்திரிகையைப் பிரிப்பார். அடுத்து சித்தப்பா. பரவாயில்லை, படிக்கட்டும்.

போன மாதம் எனக்கு நீர்க்கடுப்பு. போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடியும் போகவேண்டும்போல இருக்கும். போனால் நான்கு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. "உடம்புச் சூடுதான்" என்று அம்மா பார்லி காய்ச்சிக் கொடுத்தார். இரண்டு நாள் பார்லியும் இளநீருமாகப் போனது. மூன்றாம் நாள் ஐஸ்பெட்டி மேலிருக்கும் மருந்து டப்பாவைத் திறந்தார். தம்பிக்குத் தொண்டை வலி வந்தபோது கொடுத்த அமாக்சிசிலின், அட்டையில் நான்கு மிச்சம். இரண்டை விழுங்கினேன்.

மறுநாள் இரவு குளிர்காய்ச்சல். முதுகில், விலாவுக்குக் கீழே வலி.

காலையில் அம்மாவோடு அரசாங்கக் கிளினிக் போனேன். 1 வெள்ளி கட்டும்போது முகப்பில் இருந்தவர் "என்ன செய்யுது?" என்று கேட்டார். பின்னால் நீண்ட வரிசை. "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னேன். உள்ளே டாக்டரிடம்தான் முழுக்கதையும். முதுகுவலி என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்றார்.

"மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாரே! பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். நல்லவேளை. ஒன்றிரண்டு மாத்திரை போட்டிருந்தாலும் பரிசோதனையில் கிருமி சரியாகத் தெரியாமல் போகலாமாம்.

கையில் ஒரு டப்பா கொடுத்தார்கள். முதலில் துடைத்துச் சுத்தம் செய்யவேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும். மூடியின் உட்பக்கம் விரல் படக்கூடாது. தோலில் இருக்கும் கிருமி கலந்துவிட்டால் முடிவு குழம்பும். சோதனைப் பட்டையை நனைத்துச் சில நிமிடத்தில் வெள்ளையணு, நைட்ரைட் இரண்டும் இருப்பதாகச் சொன்னார்கள். மீதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இரண்டு மூன்று நாளாகும். அதுவரை காத்திருக்காமல் அன்றே வேறு மருந்து தொடங்கினார்கள்.

முடிவு வந்தது. ஈ.கோலை, குடலில் இருக்கும் கிருமிதான். அமாக்சிசிலினுக்கு அடங்காத ரகம். தம்பியின் தொண்டைக்குக் கொடுத்தது எனக்கு எதற்கும் உதவவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல. அன்று டாக்டர் சும்மா பேச்சுக்கு அம்மாவிடம், "உங்களுக்கு இப்படி வந்ததுண்டா, அம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "மாசத்துக்கு ஒரு தடவை வரும். பார்லி குடிச்சா அடங்கிடும்."

பிறையில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அம்மா. கழிவறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்கவேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். வேலையை விட்டு ஆறு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு இது தெரியாது.

டாக்டர் இன்னொரு டப்பாவை எடுத்து நீட்டினார். அடிக்கடி வந்தால் இனிப்புநீரும் பார்க்கவேண்டும் என்றார். அம்மா அதை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு போனார், ஏதோ திருடியதுபோல.

வரும் செவ்வாய் அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை. சாப்பிடாமல் போகவேண்டும். பார்லி மட்டும் குடிக்கலாமா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.