சிப்பாய்க்கு எதற்குத் தனிப்படி?

"தெரிஞ்சுதானே பட்டாளத்துக்குப் போனான், அப்புறம் எதுக்குத் தனியா ஒரு படி?" எல்லையில் ஏதாவது நடந்து பட்டாளம் முதல் பக்கச் செய்தியாகிவிட்டால், திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலை டீக்கடைகளில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்பவர்கள் ராணுவத்தை வெறுப்பவர்கள் அல்லர். அதை மிக உயரத்தில் வைத்துப் பேசுகிறவர்கள்தான். சேவைக்குக் கணக்குப் பார்க்கலாமா, சம்பளம் தாராளம், ரேஷன் இலவசம், கேன்டீன் உண்டு, செத்தால் லட்சக்கணக்கில் பணம், இருந்தால் பென்ஷன் என்று அவர்கள் அடுக்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு வாயடைத்துப் போகும். தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இந்த அடுக்கில் பெரும்பாலானவை நிற்பதில்லை.

இந்த வட்டாரத்துக்குப் பட்டாளம் தூரத்துச் செய்தி அல்ல. திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் சாலையில், கணியம்பாடிக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். ஆசிரமத்துக்கே ஒரு பட்டாளத்துச் சொந்தம் உண்டு. 1935இல் வந்து இங்கேயே தங்கி, இங்கேயே சமாதியான சாது அருணாசலா, பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜர் சாட்விக்காக இருந்தவர். துறவின் பெருமை காற்றிலேயே கலந்த இடம் என்பதாலோ என்னவோ, சிப்பாயையும் பாதித் துறவியாக்கிவிடுவது இங்கே சுலபமாக நடக்கிறது. துறவி தானாக விடுகிறவர். சிப்பாயை நம்பி ஊரில் ஒரு குடும்பமும், பெரும்பாலும் ஒரு வீட்டுக்கடனும் இருக்கின்றன.

"தெரிந்துதானே போனான்" என்ற முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அவன் தெரிந்து சேர்ந்தது ராணுவத்தில். எந்த வருடம் எந்த இடத்தில் நிற்கப்போகிறான் என்பதை அவனும் முடிவு செய்வதில்லை, அவன் வாங்கும் அடிப்படைச் சம்பளமும் முடிவு செய்வதில்லை. ஒரே சிப்பாய் இரண்டு வருடம் வெலிங்டனிலோ செகந்தராபாதிலோ 'பீஸ்' பகுதியில் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருப்பான். அடுத்து காஷ்மீரின் குப்வாராவில் பயங்கரவாத எதிர்ப்புப் பணி. அதற்கடுத்து சியாச்சின். மூன்று இடத்திலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். ராணுவ வாழ்க்கையின் பொதுவான சிரமத்துக்கென்று ஏழாவது ஊதியக் குழு தொகை நிர்ணயித்த ராணுவச் சேவை ஊதியமும் (சிப்பாய்களுக்கும், சுபேதார் போன்ற ஜேசிஓக்களுக்கும் மாதம் 5,200 ரூபாய்) மூன்று இடத்திலும் ஒன்றுதான். ஆகவே ஆபத்தெல்லாம் சம்பளத்திலேயே சேர்த்தி என்பது கணக்குக்கு ஒத்துவராது. இடத்துக்கு இடம் மாறும் ஒரு சுமைக்கு, இடத்துக்கு இடம் மாறும் ஒரு படிதான் ஈடுகட்ட முடியும்.

சுமை எப்படிப்பட்டது என்பதற்கு 2016 பிப்ரவரி 3ஆம் தேதியைப் பார்த்தால் போதும். சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருக்கும் சோனம் காவல்நிலை. 19ஆவது மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களும் ஒரு மருத்துவ உதவியாளருமாகப் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். ஆறாம் நாள் உயிரோடு தோண்டியெடுக்கப்பட்ட கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. 2003 நவம்பரிலிருந்து அந்த முனையில் போர்நிறுத்தம் இருக்கிறது. 1984 ஏப்ரல் 13இல் மேகதூத் நடவடிக்கையோடு இந்திய ராணுவம் ஏறிய அந்த மலையில், துப்பாக்கியைவிடக் குளிரும் உயரமும்தான் அதிக உயிர்களை எடுத்திருக்கின்றன.

அன்று அந்தப் பத்துப் பேருக்கு நடைமுறையில் இருந்த சியாச்சின் படி மாதம் 14,000 ரூபாய். அதிகாரிகளுக்கு 21,000. நீதிபதி ஏ.கே.மாத்தூர் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு இதை 21,000, 31,500 என்று உயர்த்தச் சொல்லி 2015 நவம்பரிலேயே பரிந்துரைத்துவிட்டது. படைகள் அது போதாது என்றன. 2017 ஜூன் 28 அன்று மத்திய அமைச்சரவை 30,000, 42,500 என்று முடிவுசெய்தது. ஆனால் சம்பள உயர்வு 2016 ஜனவரி 1இலிருந்து முன்தேதியிட்டுக் கிடைத்ததுபோல் படிகளுக்குக் கிடைக்கவில்லை. அவை 2017 ஜூலை 1 முதல்தான். நடுவில் போன பதினெட்டு மாதங்கள் போனதுதான்.

சியாச்சின் உச்சம். மற்ற இடங்களில் தொகை இவ்வளவுகூட இல்லை. அதே 2017 முடிவின்படி பயங்கரவாத எதிர்ப்புப் பணிக்கான படி மாதம் 6,000 முதல் 16,900 ரூபாய் வரை. கீழ்க்கோடியில் நிற்கும் சிப்பாய்க்கு அது ஒரு நாளைக்கு 200 ரூபாய். அந்த 200 ரூபாயைத் தாராளம் என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

அடுத்தது பணம் பேசினால் தியாகம் மலிந்துவிடும் என்ற வாதம். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் கேட்டார்களா என்று கூடவே ஒரு கேள்வியும் வரும். கேட்டார்கள், அதுவும் மதராஸ் சிப்பாய்களே கேட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1843இல் சிந்து மாகாணத்தைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. அதுவரை அது அந்நிய நாடு என்பதால் அங்கே போகும் படைகளுக்குக் கூடுதல் படி கிடைத்துவந்தது. இணைத்த பிறகு அது சொந்த நாடாகிவிட்டதாம், ஆகவே கூடுதல் படி கிடையாது என்றார்கள். வெயில் குறையவில்லை, காய்ச்சல் குறையவில்லை, வரைபடத்தில் நிறம் மட்டும் மாறியது. 1844இல் வங்காளப் படைப்பிரிவுகள் சில புறப்பட மறுத்தன. அவற்றுக்குப் பதிலாக அனுப்பப்பட்ட ஒரு மதராஸ் காலாட்படைக்கு, பர்மாவில் கொடுத்த அளவுக்குப் படி உண்டு என்று மதராஸ் கவர்னர் ட்வீட்டேல் வாக்குக் கொடுத்திருந்தார். பம்பாய் போய்ச் சேர்ந்ததும் அந்த வாக்கை மேலிடம் ஏற்கவில்லை என்று தெரியவந்தது. அணிவகுப்பிலேயே சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களைக் கோழைகள் என்றோ பணத்தாசை பிடித்தவர்கள் என்றோ சொல்ல வரலாற்றில் இடமில்லை. போக மாட்டோம் என்பது அல்ல அவர்கள் பேச்சு. சொன்னதைக் கொடு என்பதுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் பணிபுரியும் மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்குச் சிறப்புப் பணிப்படி என்று ஒன்று உண்டு. அது அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. சம்பளம் ஏற ஏற அதுவும் ஏறும். குவாஹாட்டியில் ஒரு மூத்த அதிகாரி அதை வாங்கும்போது அவருடைய தேசபக்தி மலிந்துவிட்டதாக யாரும் வருந்தியதில்லை. அவர் வாங்குவது தவறும் அல்ல. தியாகத்தின் புனிதம் சிப்பாயின் பையை எண்ணும்போது மட்டும் நினைவுக்கு வருவதுதான் வேடிக்கை.

மலைமேலே செலவே இல்லையே, சாப்பாடும் துணியும் சர்க்கார் கொடுக்கிறதே என்பார்கள். கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்ததா என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2015-16 முதல் 2017-18 வரையான காலத்தில் மிக உயரமான பகுதிகளில் இருந்த துருப்புகளுக்குப் பனிக்கண்ணாடி பற்றாக்குறை. முகமூடி, ஜாக்கெட், தூங்குபை எல்லாம் பழைய ரகம். 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல்நோக்கு பூட்ஸ் வழங்கப்படவில்லை, இருப்பதையே மறுசுழற்சி செய்து ஓட்டினார்கள். சிறப்பு ரேஷனில் ஒன்றுக்குப் பதில் ஒன்று கொடுத்ததால், கிடைத்த கலோரி 82 சதவீதம் வரை குறைந்திருந்தது. சோனம் பனிச்சரிவு நடந்தது இந்தக் காலத்துக்குள்தான் என்பதையும் வாசகர் கவனித்திருப்பார். பனிச்சரிவை பூட்ஸ் தடுத்திருக்காது. ஆனால் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது என்று கீழே உட்கார்ந்து சொல்வதற்கும் மேலே நடப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த அறிக்கை காட்டிவிட்டது. கேன்டீன் சலுகையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அது பீஸ் பகுதியில் இருப்பவனுக்கும் உண்டு, ஓய்வுபெற்றவருக்கும் உண்டு.

செத்தால் பணம், இருந்தால் பென்ஷன் என்பது டீக்கடையில் சொல்லப்படும் வாதங்களிலேயே பலமானதாகத் தோன்றுவது. இறப்புக்கான தொகை இறந்தவரின் குடும்பத்துக்குத்தான். உறைபனியில் விரல்களைப் பறிகொடுத்து வந்தவருக்கும், நுரையீரலில் நீர் கோத்துப் பிழைத்து வந்தவருக்கும், ஒன்றும் ஆகாமல் மூன்று மாதம் தூக்கமில்லாமல் நின்றுவிட்டு வந்தவருக்கும் அதில் பங்கில்லை. போர்முனைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருகிறவர்கள். படி அவர்களுக்கானது.

பென்ஷன்? 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதோடு அந்த வாதத்தின் காலும் போய்விட்டது. கிரிவலப் பாதையில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்கள் இன்று சிப்பாயாகச் சேர்வதென்றால் அக்னிவீரராகத்தான் சேர முடியும். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் வருடம் 40,000. அதில் 30 சதவீதம் சேவை நிதிக்குப் பிடித்தம். நான்கு வருடம் முடிந்தால் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். அதிகபட்சம் கால்வாசிப் பேர்தான் தொடர்ந்து பணியில் வைக்கப்படுவார்கள், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. ராணுவச் சேவை ஊதியமும் அகவிலைப்படியும் அவர்களுக்குத் தனியாகக் கிடையாது. இடர்ப்படி மட்டும் இடத்துக்கேற்ப உண்டு. ஆகவே ஆபத்தான இடத்தில் நிற்பதற்கென்று அவர்கள் கையில் வரும் ஒரே தொகை அதுதான். பணியில் இறந்த முதல் அக்னிவீரர்களில் ஒருவரான மகாராஷ்டிரத்து இளைஞர் 2023 அக்டோபரில் உயிர்விட்டது சியாச்சினில்தான்.

கஜானா தாங்குமா என்பவர்களுக்குப் பென்சிலும் காகிதமும் போதும். சியாச்சினில் சுமார் 3,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கை வைத்துக்கொண்டால், 2017இல் முடிவான 30,000 வீதம் ஆளுக்கு மாதாமாதம் கொடுத்தாலும் வருடத்துக்கு 108 கோடி ரூபாய். 2025-26இல் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடிக்கு மேல். சில நூறு கோடியில் ஒரு கஜானா கவிழ்ந்துவிடாது. போதாததற்கு, கொடுப்பதில் ஒரு பகுதிக்கு வரிக்கணக்கும் உண்டு. பழைய வருமான வரி முறையில் சியாச்சினுக்கு மாதம் 7,000 ரூபாய் வரைதான் விலக்கு, பயங்கரவாத எதிர்ப்புப் படிக்கு 3,900 வரைதான். புதிய முறையில் இந்த விலக்கே இல்லை. 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடி வந்த பிறகு பெரும்பாலான சிப்பாய்களுக்கு இது உறைக்காது என்பது வேறு விஷயம்.

ஆபத்தில்லாத இடத்தில் இருப்பவர்களும் படியை வாங்கிக்கொள்வார்கள் என்ற புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. அமெரிக்காவில் இது நடந்தது. அங்கே ஆபத்துப்படி மாதம் 225 டாலர். மாதத்தில் ஒரே ஒரு நாள் போர்ப்பகுதியில் கால் வைத்தாலும் முழு மாதத்துக்கும் கிடைத்தது. 2012இல் அதை நாளுக்கு 7.50 டாலர் என்று மாற்றினார்கள். நாளைக் கணக்கிட்டார்கள், படியை ஒழிக்கவில்லை.

காவல்துறை, துணை ராணுவம், சாக்கடையில் இறங்குகிறவர்கள் எல்லாம் ஆபத்தில் இல்லையா என்ற வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதற்கு மறுப்பு எழுத வேண்டியதில்லை. அவர்களும் ஆபத்தில்தான் இருக்கிறார்கள். ஏழாவது ஊதியக் குழு வகுத்த இடர்-இன்னல் அட்டவணை துணை ராணுவத்துக்கும் பொருந்துகிறது. நக்சல் பகுதிகளில் இயங்கும் கோப்ரா பிரிவுக்கு 2017இல் 17,300 முதல் 25,000 வரை கொடுத்தார்கள். அட்டவணை இன்னும் விரிய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஒருவனுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக மற்றவனுக்குக் கிடைப்பதை வெட்டச் சொல்வதுதான் புரியாதது.

உண்மையில் குறை சொல்ல வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. டீக்கடையில் அதை யாரும் தொடுவதில்லை. ஒரே பனியில், ஒரே கூடாரத்தில் நிற்கும் அதிகாரிக்கு 42,500, சிப்பாய்க்கு 30,000 என்று 2017இல் வைத்தார்கள். சம்பளம் பதவிக்கு ஏற்ப மாறட்டும், அது பொறுப்புக்கான விலை. குளிருக்கும் உயரத்துக்குமான ஈடு எதற்காக மாற வேண்டும்? சோனத்தில் புதைந்த பத்துப் பேரில் ஒருவர் சுபேதார், மீதி ஒன்பது பேர் அவருக்குக் கீழ்நிலையில் இருந்தவர்கள். அதிகாரி ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் அந்த 225 டாலர் ஜெனரலுக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒன்றுதான். பிரிட்டன் 2006இல் இராக், ஆப்கானிஸ்தான் பணிக்கென்று ஆறு மாதத்துக்கு 2,240 பவுண்டு படி கொண்டுவந்தபோது எல்லாப் பதவிக்கும் ஒரே தொகைதான், வரியும் இல்லை. இங்கே ராணுவச் சேவை ஊதியத்திலேயே அதிகாரிக்கு 15,500, ஜேசிஓவுக்கு 5,200. ஜேசிஓக்களுக்காவது 10,000 ஆக்குங்கள் என்ற ராணுவத்தின் கோரிக்கையை 2018 டிசம்பரில் நிதி அமைச்சகம் தள்ளிவிட்டது.

இந்தத் தொகைகள் எல்லாம் மறுபடி மேசைக்கு வருகின்றன. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளை 2025 அக்டோபர் 28 அன்று அமைச்சரவை ஏற்றது. பரிந்துரை தரப் பதினெட்டு மாத அவகாசம். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இடர்ப்படி 25 சதவீதம் ஏறும் என்று முந்தைய குழு வகுத்த விதி தொடர வேண்டும். அதோடு மூன்று விஷயங்களை இந்தக் குழு பார்க்கலாம்: பதவி பார்க்காத ஒரே தொகை, மாதத்துக்குப் பதில் நாள் கணக்கு, சம்பள உயர்வுக்குக் கொடுக்கும் அதே முன்தேதி.