மாற்றியவர் யார் என்று எழுதி வையுங்கள்

உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக் காரைப் பிரித்து, பெயிண்டை உரித்து, சக்கரத்தை மாற்றி, நம் விருப்பப்படி புதிய காராக ஆக்குவது ஒரு சுவையான பொழுதுபோக்கு. இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? இந்த வேலையில் பாதி இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பிரிண்டரிலும்தான் நடக்கிறது. நான் செய்த தவறும் அங்கேதான் தொடங்கியது.

முதலில் வேலையைப் பார்ப்போம். 1968ல் அறிமுகமான ஹாட் வீல்ஸ் கார்கள் ஏறத்தாழ 1:64 என்ற அளவில் இருப்பவை. அதாவது, உண்மையான காரில் 64 செ.மீ. இருப்பது இதில் 1 செ.மீ. மேல்பாகம் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. அடித்தட்டு ரிவெட்டுகளால் அதோடு இணைக்கப்பட்டிருக்கும். ரிவெட்டின் தலையை டிரில் செய்து எடுத்தால் கார் பிரிந்துவிடும். கண்ணாடி, சீட் போன்ற பிளாஸ்டிக் பாகங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உலோகப் பாகத்தை மட்டும் பெயிண்ட் ரிமூவரில் போட வேண்டும். பிறகு பிரைமர், பெயிண்ட், எழுத்துகள், கடைசியாகக் கிளியர் கோட். மீண்டும் மூடுவதற்கு 2 மி.மீ. ஸ்குரூ போதும்.

எழுத்துகளுக்குத்தான் கம்ப்யூட்டர் வேண்டும். 500 x 120 மி.மீ. உள்ள நம் நாட்டுக் கார் நம்பர் பிளேட்டை 64ஆல் வகுத்தால் சுமார் 7.8 x 1.9 மி.மீ. வரும். 600 டி.பி.ஐ. பிரிண்டரில் இதன் உயரத்திற்குக் கிடைப்பது சுமார் 44 புள்ளிகள் மட்டுமே. எனவே படத்தைப் பெயிண்டில் வரையாமல், இங்க்ஸ்கேப் போன்ற வெக்டார் சாஃப்ட்வேரில் வரைந்திடுங்கள். பிரிண்ட் செய்கையில் 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம். அளவு 100% என்றே இருக்கட்டும். வாட்டர் ஸ்லைடு டீக்கால் தாளில் இங்க்ஜெட் மூலம் அச்சிட்டால், மை கரையாமல் இருக்க முதலில் வார்னிஷ் ஸ்பிரே அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீரில் போட வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக் கொண்ட உற்சாகத்தில், ஓர் அபூர்வக் காரைப் போலவே ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். ஹாட் வீல்ஸில் 1995 முதல் 'டிரஷர் ஹன்ட்' என்ற வரிசை உண்டு. 2007ல் அதிலேயே 'சூப்பர்' என்று தனி வகை வந்தது. ரப்பர் டயரும், உலோகம் உள்ளிருந்து மின்னும் பெயிண்டும் இதன் அடையாளங்கள். 2012க்குப் பிறகு வந்தவற்றில் 'டிஎச்' என்ற எழுத்துகள் காரின் மீதே இருக்கும். சாதாரணக் காரைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து இவற்றை வாங்குகிறார்கள்.

ஒரு சாதாரணக் காரைப் பிரித்தேன். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் மேல் ஊடுருவித் தெரியும் சிவப்பு அடித்தேன். ரப்பர் டயர் மாட்டினேன். 'டிஎச்' எழுத்துகளை நானே வரைந்து ஒட்டினேன். ஸ்குரூ தெரியக் கூடாது என்று ரிவெட்டையும் பசை வைத்து ஒட்டினேன். நானே செய்தது என்று சொல்லித்தான் 400 ரூபாய்க்கு ஒருவரிடம் விற்றேன்.

எட்டு மாதங்கள் கழித்து, கார் சேகரிப்பவர்கள் கூடிய இடத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதே காரைக் காட்டினான். பின் சக்கரத்திற்கு மேலே பெயிண்டில் சிக்கியிருந்த தூசியை நான் மறப்பேனா? பல மாதங்கள் சேர்த்த பணம் 6,000 ரூபாயைக் கொடுத்து வாங்கியிருக்கிறான். "ஒரிஜினல்தானே அண்ணா?" என்று கேட்டான். "இல்லை தம்பி, இது நான் செய்தது" என்றேன். அவன் பதில் பேசவில்லை. விற்றவரின் போன் அணைந்திருந்தது. 3,000 ரூபாய் கொடுத்துக் காரை நானே திரும்ப வாங்கிக் கொண்டேன். மீதி 3,000 ரூபாய் அந்தப் பையனின் நஷ்டம்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன உண்மை காரோடு போகவில்லை. சாஃப்ட்வேர் உலகில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 1991ல் வந்த ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின்படி, பிறர் எழுதிய ஃபைலை நீங்கள் தாராளமாக மாற்றலாம். ஆனால் மாற்றியது நீங்கள் என்பதையும், மாற்றிய தேதியையும் அந்த ஃபைலிலேயே தெளிவாகக் குறித்து வெளியிட வேண்டும். அலுவலகத்தில் நான்கு வரி கோடை மாற்றினாலும் பெயரும் தேதியும் எழுதும் நான், காரில் அதைச் செய்யவில்லை.

"பொம்மைதானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று சிலர் கேட்கலாம். 6,000 ரூபாய் கைமாறும் இடத்தில் அது வெறும் பொம்மை இல்லை. "பெயர் எழுதினால் அழகு கெடும், விலை குறையும்" என்பார்கள் வேறு சிலர். அடித்தட்டில் எழுதினால் அலமாரியில் வைக்கும்போது யாருக்கும் தெரியாது. உங்கள் கைவேலையை மதிப்பவர் உங்கள் பெயருக்காகவே வாங்குவார். பெயர் இருந்தால் விலை குறையும் என்றால், அந்த விலை உங்கள் வேலைக்கு உரியதே அல்ல.

எனவே புதிதாகத் தொடங்கும் நண்பர்களுக்கு என் யோசனைகள் இவை. பெயரையும் ஆண்டையும் அடித்தட்டில் கூரிய ஊசியால் கீறி எழுதுங்கள். டீக்கால் மட்டும் போதாது, அதை உரித்துவிடலாம். கூரையின் உள்பக்கத்திலும் ஒரு முறை எழுதுங்கள். ஸ்குரூவை மறைக்காதீர்கள். வாங்குபவராக இருந்தால், எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய படலம் தெரிந்தால் அது பின்னால் ஒட்டிய டீக்கால். தொழிற்சாலை அச்சில் அந்த ஓரம் இருக்காது.

அந்தச் சிவப்புக் கார் இப்போது என் மேஜையில், மானிட்டருக்குக் கீழே இருக்கிறது. அடியில் என் பெயரைக் கீறிவிட்டேன். 'டிஎச்' ஃபைலை ரீசைக்கிள் பின்னில் கூட வைக்காமல் அழித்துவிட்டேன்.