கேட்டதையெல்லாம் கொடுத்தேனே!

எதை இல்லையென்று சொன்னேன் நான்? பணம் கேட்டீர்கள், கட்டினேன். பிரெஞ்சு கேட்டீர்கள், ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரியில் படித்துத் தேறினேன். உள்ளூர் வேலை அனுபவம் கேட்டீர்கள். மாண்ட்ரியலில் சென்ட் லோரன்ட் குடோன்களில் கையில் ஸ்கேனரைக் கட்டிக்கொண்டு பெட்டி எடுத்தேன். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை விநாடி என்று அது கணக்கு வைக்கும். பாத்ரூம் போய் வந்தால்கூட அதில் தெரியும். பெட்டி தூக்குகிற வேலை பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கு, கணக்கில் வராது என்றதும், முட்டி மோதி அதே குடோனில் சூப்பர்வைசர் ஆனேன். இன்னும் என்ன?

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பேராவூரணிப் பக்கம் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அப்பா மறுபடி கன்று நட்டார். அது பாளை விடுவதற்குள், 2021-ல், நிலம் என் படிப்புக்காக அடமானம் போனது. கன்சல்டன்சிக்காரர் இனிக்க இனிக்கப் பேசினார். "ரெண்டு வருஷம் படிப்பு சார், அப்புறம் வொர்க் பெர்மிட், அப்புறம் பி.ஆர். பொண்ணு செட்டில்." தலைக்கு இவ்வளவு என்று கல்லூரி தனக்குக் கமிஷன் தருவதை மட்டும் சொல்லவில்லை. இங்கே கனடா வந்து பார்த்தால், கல்லூரி என்பது ஆபீஸ் கட்டடத்தில் ஒரு மாடி. என்ஜினீயரிங் முடித்தவளுக்கு எக்செல்லில் கூட்டல் போடக் கற்றுக்கொடுத்தார்கள்.

2022 ஜனவரியில் மாண்ட்ரியல், லோங்கொய், ஷேர்ப்ரூக் பக்கம் மூன்று தனியார் கல்லூரிகள் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போயின. சுமார் 2,000 மாணவர்கள், பெரும்பாலும் இந்தியப் பிள்ளைகள், நடுத்தெருவில் நின்றார்கள். என் கல்லூரி அந்த மூன்றில் இல்லை. அதிர்ஷ்டக்காரி என்றார்கள் என்னை.

நாய்க்குட்டிகளைப் பெற்றுத்தள்ளும் பண்ணைகள்போலப் பட்டம் தருகிற கல்லூரிகள் இருக்கின்றன என்று 2023 டிசம்பரில் அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் பேசினார். சரி ஐயா, அந்தப் பண்ணைக்கு லைசென்ஸ் கொடுத்தது யார்? எங்கள் விசாவில் முத்திரை குத்தியது யார்? ஃபீஸ் வாங்கும்போது தெரியவில்லையா அது பண்ணை என்று?

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லி என்ன? முதல் வருடம் ஒரு தமிழ்க் கடையில் நின்றேன். முதலாளி ஈழத்துக்காரர். 1986-ல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்த கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன். சொல்லும்போது கண் கலங்கினார். மாதக் கடைசியில் மணிக்கு ஒன்பது டாலர் என்று எண்ணிக் கையில் வைத்தார். அப்போது சட்டப்படி கூலி 13.50. "எங்கட பிள்ளை மாதிரித்தானே தங்கச்சி, பார்த்துச் செய்வம்." கடைசிவரை பார்த்துச் செய்யவே இல்லை.

பிறகு, நாங்கள் மலைபோல் நம்பியிருந்த 'பெக்', அதுதான் கியூபெக் அனுபவத் திட்டம். இங்கே படித்து, இங்கே வேலை செய்து, பிரெஞ்சு பேசினால் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி என்றார்கள். என் போன்ற சான்றிதழ்ப் படிப்புக்காரர்கள் அதில் தொழிலாளர் பிரிவில்தான் போக முடியும்; அதற்கு இரண்டு வருட வேலை வேண்டியிருந்தது. 2024 அக்டோபர் 30-ல் பட்டதாரிகள் பிரிவை நிறுத்திவைத்தார்கள்; எனக்கு அந்த மாதங்கள் நிறைவதற்குள், 2025 ஜூனில், தொழிலாளர் பிரிவையும் நிறுத்திவைத்தார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். காத்திருந்தோம். 2025 நவம்பர் 19-ல் திட்டத்தையே ஒழித்துவிட்டார்கள். ஏற்கனவே வந்துவிட்டவர்களுக்காவது பழைய விதியை வையுங்கள் என்று பனியில் நின்று கத்தினோம். ஆட்டம் பாதியில் இருக்கும்போது கோட்டை அழித்து வேறு இடத்தில் போடுவது எந்த ஊர் நியாயம்?

வட்டி ஏறுகிறது. பெர்மிட் முடியப் போகிறது. ஊரில் போய் இருபத்தொன்பது வயதில், எக்செல் சான்றிதழோடு, யாரிடம் வேலை கேட்பேன்? தம்பிக்கு என்ஜினீயரிங் சீட் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்களே, அவனுக்கு யார் பதில் சொல்வது?

அதே கன்சல்டன்சி இப்போது ஜெர்மனிக்கு ஆள் பிடிக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் மகளை அனுப்பலாமா என்று அப்பாவிடம் விசாரித்தாராம். "எங்க பொண்ணு நல்லா இருக்கா, தாராளமா அனுப்புங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க? மானம் போய்விடும் என்றா? பேராவூரணியில் யாராவது இதைப் படித்தால், அந்த மனிதரைத் தேடிப் போய்க் காட்டுங்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் வங்கிக்குக் கிளம்புவதற்கு முன்னால்.