பாய்காட்

ஊரை விட்டே போக நேர்ந்த ஒருவரின் பெயர் இன்று உலகமெங்கும் வினைச்சொல்லாக வழங்குகிறது. 'பாய்காட்' என்பதைத்தான் சொல்கிறோம்.

காப்டன் பாய்காட், அயர்லாந்தின் மேயோ ஜில்லாவில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டு. 1880-இல் அவர் குடிகளை வெளியேற்ற முனைந்தார். அறுவடைக்கு ஆள் வரவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. ஒருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அச்செயலை நாம் 'பகிஷ்காரம்', அதாவது வெளியே தள்ளுதல், என்றோம். தூத்துக்குடியோ அதற்கு மறுபாதியையும் சேர்த்தது. அந்நியர் கப்பலில் ஏறாதீர் என்றதோடு வ. உ. சிதம்பரம் பிள்ளை நிற்கவில்லை; 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, கொழும்புக்குக் கப்பலும் விட்டார். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சர்க்கார் 1908-இல் அவரைச் சிறையிலிட்டது. சுதேசிக் கம்பெனி நிலைக்கவில்லை.

பாடம் நிலைத்தது. 'ஏறாதே' என்று சொல்ல நாக்குப் போதும். 'இதில் ஏறு' என்று காட்டக் கப்பல் வேண்டும்.