கேட்க ஆளில்லாத ஆண்கள்

2024 ஜூன் மாதம் 18, 19 ஆகிய நாள்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் தொடங்கி சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் வரை படுக்கைகள் நிரம்பின. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானோர் அன்றாடம் கூலிக்குப் போய் வந்த ஆண்கள். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல் போட்டிருந்த காட்சியைத் தமிழகம் பார்த்தது.

அதன்பின் அரசு இயந்திரம் வேகமாகவே இயங்கியது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயத்தால் உயிர்ப்பலி நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-க்கு மாற்றியது. இவை அனைத்தும் தேவையானவை. விற்றவர்கள் யார், விற்கவிட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அத்தனை கோப்புகளிலும் ஒரு கேள்வி எழவே இல்லை. உழைத்துப் பிழைக்கும் இத்தனை ஆண்கள் நாள்தோறும் எதை மறக்கக் குடித்தார்கள்? ‘குடிகாரன் குடித்தான், செத்தான்’ என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை ஏற்க முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

கருணாபுரத்துச் சாவுகளைப் பற்றி அப்போது வெளிவந்த செய்திகளில் ஒன்று இன்னும் உறுத்துகிறது. முதலில் இறந்தவரின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள். சாவுக்குக் காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்று முதலில் மறுத்த மாவட்ட நிர்வாகத்துக்கு இதில் மன்னிக்க முடியாத பங்கு உண்டு. உண்மையை அன்றே ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியிருந்தால் சில உயிர்களாவது மிஞ்சியிருக்கும். ஆனால் நிர்வாகத்தின் தவறோடு இது முடிந்துவிடவில்லை. நம் ஊர்ச் சாவு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, இறந்தவரின் குணம் சொல்லி, தங்கள் வீட்டுப் பழைய துக்கங்களையும் சேர்த்து அழுது தீர்க்கிறார்கள். வெளியே பந்தலடியில் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எடுக்கும் நேரம் எப்போது, விறகு வந்துவிட்டதா என்று விசாரித்தபடி நிற்கிறார்கள். சற்று நேரத்தில் இரண்டிரண்டு பேராக மறைவுக்குப் போய்த் திரும்புகிறார்கள். கண்கள் சிவந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆணின் துக்கத்துக்கு நம் சமூகம் அனுமதித்திருக்கும் வடிவம் அது ஒன்றுதான்.

இதன் விளைவு புள்ளிவிவரங்களில் தெரிகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள், அதாவது பத்தில் ஏழு பேர். தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகளே முதலிடத்தில் இருக்கிறார்கள், மொத்தத்தில் கால் பங்குக்கும் மேல். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே 19,834 பேர். மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கையையும் மனிதவள மேம்பாட்டையும் சொல்லிப் பெருமைப்படும் மாநிலம் இந்த வரிசையில் இரண்டாவதாக நிற்பது தலைகுனிவு.

கள்ளக்குறிச்சி கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் மாவட்டம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. வெட்டுக்கூலி, சுமைக்கூலி, செங்கல் சூளை, பெங்களூரு கட்டட வேலை என்று ஆண்களின் பிழைப்பு பருவத்துக்கேற்ப இடம் மாறுகிறது. முன்பணம் வாங்கி, வட்டி கட்டி, ஊருக்குத் திரும்பும்போது கையில் ஒன்றும் மிஞ்சாத மனிதனுக்கு வீட்டில் சொல்ல வெட்கம், வெளியில் சொல்லப் பயம். அவன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறான். ‘உடம்பெல்லாம் அசதியா இருக்கு, ராத்திரி தூக்கம் பிடிக்கல, நெஞ்சு படபடன்னு அடிக்குது’ என்கிறான். வெளிநோயாளிகள் வரிசை நீள்கிறது. சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் காகிதத்தில் மடித்துத் தரப்படுகின்றன. மனச்சோர்வு நம் கிராமங்களில் பெரும்பாலும் உடல் வலியாகவே வாய் திறக்கும். அதை அடையாளம் காண ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். அதற்கு நேரமோ பயிற்சியோ தரப்படவில்லை.

மாலையில் அதே மனிதன் போகும் இடம் எது என்று சொல்லத் தேவையில்லை. டாஸ்மாக் கடை வாசலில் தினமும் நடக்கும் ஒன்றைக் கவனித்தால் நிலைமை புரியும். ஒரு குவார்ட்டருக்குப் பணம் போதாதவர் ‘கட்டிங்’ சேர ஆள் தேடுகிறார். முன்பின் தெரியாத ஒருவர் சரி என்கிறார். பாட்டில் வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் அளவு பார்த்து ஊற்றி, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கலக்கிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்தில், பெயர்கூடத் தெரியாத அந்த ஆளிடம் மகளின் படிப்புச் செலவையும் அண்ணன் தம்பிச் சண்டையையும் கொட்டிவிடுகிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாதவை. துணைக்கு ஒரு ஆளும் கேட்க ஒரு காதும் வேண்டும் என்ற பசிதான் பாதி நாள் அவரை அங்கே இழுத்து வருகிறது. அந்தப் பசிக்கு இந்த மாநிலம் திறந்து வைத்திருக்கும் ஒரே வாசல் மதுக்கடை. 2023-24-இல் அதிலிருந்து கருவூலத்துக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். டாஸ்மாக் விலையும் கொடுக்க முடியாதவர்கள்தாம் கருணாபுரத்தில் பாக்கெட்டுக்குப் போனார்கள்.

பெண்களுக்காக இந்த மாநிலம் செய்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. கடனுக்காகக் கூடுகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். ஆனால் சேமிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டபின் நடக்கும் பேச்சுதான் பல பெண்களை உயிரோடு வைத்திருக்கிறது என்பதைக் குழுவில் இருக்கும் எவரும் சொல்வார்கள். யார் வீட்டில் அடி விழுகிறது, யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். இரண்டு வாரமாக வெளியில் தலைகாட்டாத ஆணைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை, கடன்காரரைத் தவிர. ஆண்களுக்கென்று இருப்பவை கட்சி மன்றமும் சாதிச் சங்கமும் ரசிகர் மன்றமும்தான். அவை கைகளைக் கேட்கின்றன, வாக்கைக் கேட்கின்றன. மனதில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

பேச்சு மருந்தாகும் என்பது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவுமீறிக் குடிக்கும் ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் நான்கு முறைக்கு மேற்படாமல் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அப்படிப் பேச்சுத்துணை கிடைத்தவர்களில் 36 விழுக்காட்டினர் தீங்கான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 26 விழுக்காடு. ஜிம்பாப்வேயில் மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில் பாட்டிமார் உட்கார்ந்து மனநோவுற்றவர்களோடு பேசும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதிகம் செலவாகும் காரியங்கள் அல்ல இவை. தமிழ்நாட்டில் 2021 முதல் வீட்டுப்படி ஏறி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. அந்தத் தன்னார்வலர் ‘மாத்திரை சாப்பிடறீங்களா’ என்று கேட்பதோடு ‘தூங்கறீங்களா, யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசறீங்களா’ என்றும் கேட்க ஏன் பயிற்சி தரக் கூடாது? 14416 என்ற இலவச மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 104-இலும் ஆலோசனை பெறலாம். மதுக்கடை எங்கே என்று தெரிந்த அளவுக்கு இந்த இரண்டு எண்களும் எத்தனை ஆண்களுக்குத் தெரியும்?

பேச்சோடு உடற்பயிற்சியும் வேண்டும் என்றதும், நாளெல்லாம் மூட்டை தூக்குகிறவனுக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். உழைப்பு வேறு, விளையாட்டு வேறு. மேஸ்திரியின் கண் பார்க்க உடம்பு வருந்துவதும், தோழர்களின் ஆரவாரத்தில் உடம்பு மகிழ்வதும் ஒன்றாகாது. நடை, ஓட்டம், யோகா, தசைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்கின்றன என்று 218 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது. நம் ஊர்களில் கபடியும் கைப்பந்தும் ஆடிய இளைஞன், கல்யாணம் ஆன மறுவருடமே களத்தைவிட்டுப் போய்விடுகிறான். ‘புள்ள குட்டிக்காரனுக்கு என்ன விளையாட்டு’ என்ற ஏச்சுக்குப் பயந்து போகிறான். களத்தோடு கூட்டாளிகளும் போய்விடுகிறார்கள். ஊராட்சிகளுக்கெல்லாம் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. மாவட்டத்துக்கு 8 கிலோமீட்டர் நடைபாதை என்ற ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பரில் வந்தது. நல்ல திட்டங்கள்தாம். ஆனால் விடியுமுன் லாரி ஏறுகிற கூலிக்காரனுக்கு நகரத்து நடைபாதை எட்டாது. அவன் தெருவிலேயே ஒரு களமும், அதில் இரவு ஒன்பது மணி வரை எரியும் விளக்கும், வாரம் இருமுறை ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒருவரும் வேண்டும்.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் மோசம். 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்த மலை அது. காலங்காலமாகச் செய்திகளில் அடிபடுவதோ ‘சாராய ஊறல் அழிப்பு’ என்ற ஒற்றை வரியில்தான். பேரல் பேரலாக ஊறலைக் காவலர்கள் கொட்டிக் கவிழ்க்கும் படங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஊறல் போட்டவனுக்கும் அதைக் குடித்தவனுக்கும் வேறு என்ன பிழைப்பும் பொழுதும் இருந்தன என்று கேட்டவர்கள் குறைவு. மலைவாழ் மக்களின் நிலையை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுக்க வேண்டியிருந்தது என்பதே நிர்வாகத்தின் மீதான தீர்ப்பு. வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ இருக்கும் ஒருவர் மனநல மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலியை விட்டு, பேருந்துக்குக் காத்திருந்து, மலை இறங்கி வர வேண்டும் என்றால், அவர் வரமாட்டார். மருத்துவர்தான் வாரச்சந்தை நாளில் மலையேற வேண்டும்.

இவ்வளவு சொல்லும்போது ஒன்றில் நாம் தெளிவாக இருக்கிறோம். மனநோவு, மனைவியை அடிக்கத் தரப்பட்ட அனுமதிச் சீட்டு ஆகாது. குடித்துவிட்டு வந்து பிள்ளைகளின் பள்ளிப் பணத்தைப் பறித்தவனுக்கு இங்கே நாம் வக்காலத்து வாங்கவில்லை. கருணாபுரத்தில் தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த குழந்தைகள் இருக்கிறார்கள். ஆண்களின் வாய்மூடிய துயரம் எவர் தலையில் இறங்குகிறது என்பதற்கு அந்தக் குழந்தைகளே சாட்சி. ஆகவே இந்த அக்கறையை ஆண்களுக்குக் காட்டும் சலுகை என்று கருதுவது தவறு. அவர்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் செலுத்த வேண்டிய கடமை இது. ஆண்களுக்கும் கடமை உண்டு. ‘என்னப்பா, ஆளே ஒரு மாதிரியா இருக்கே’ என்று கூட்டாளியைக் கேட்பதும், கேட்டபின் பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், ‘வா, ஒரு குவார்ட்டர் போடலாம்’ என்று பேச்சை முடிக்காமல் இருப்பதும் ஒவ்வோர் ஆணின் பொறுப்பு. ‘ஆம்பளப் பிள்ள அழலாமா’ என்று ஐந்து வயதில் அதட்டும் அப்பா, அந்தப் பையனுக்கு முப்பது வயதில் வரப்போகும் நோய்க்கு அன்றே விதை போடுகிறார்.

ஆனால் பெரிய பொறுப்பு அரசுடையது. மது விற்று இலாபம் ஈட்டும் அரசு, அந்த வருமானத்தில் குறிப்பிட்ட பங்கை மீட்புக்கும் மனநலத்துக்கும் ஒதுக்குவதைச் சட்டமாக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையில் இரக்கப்பட்டுப் போடும் தொகையாக அது இருக்கக் கூடாது. ‘கலங்கரை’ என்ற பெயரில் 2025-இல் திறக்கப்பட்ட 25 மீட்பு மையங்கள் ஒரு தொடக்கம். மீண்டு வெளியே வருகிறவனை மறுநாள் மாலை எந்த வாசல் வரவேற்கும் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. மகளிர் குழுக்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் காட்டிய பொறுமையோடு, ஆண்களுக்கான வாரக் கூட்டங்களை அரசு கட்டியெழுப்ப வேண்டும். குடியை விட்டவர்களையும் உள்ளூர் விளையாட்டு வீரர்களையும் கொண்டு அவற்றை நடத்தலாம். கள்ளக்குறிச்சி நகராட்சியும் கல்வராயன் மலை ஊராட்சிகளும் அதற்கு முதல் களமாகட்டும். அடுத்த கிராம சபையிலும் நகரத்தின் பகுதி சபையிலும் இதைத் தனிப் பொருளாக வைத்து, எந்தத் தெருவில் எந்த நாளில் யார் பொறுப்பில் கூடுவது என்று பெயர் எழுதித் தீர்மானம் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வருவதை நிறுத்தினார்கள், நிறுத்தியவர்களைத் தேடிக்கொண்டு யார் போனார்கள் என்ற கணக்கை, சாராய வழக்குகளின் கணக்கைப் போலவே, ஆட்சியர் மக்கள் முன் வைக்க வேண்டும்.